பக்கத்துப் பெட்டி

சிரெபோன்
11 ஏப்ரல் 2018

முர்சிதிக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. நீ நலமாகத்தான் நிற்கிறாய் என்று போன ஞாயிற்றுக்கிழமை என் கண்ணாலேயே பார்த்துவிட்டு வந்தேன். ஹஜ் பெருநாள் சண்டைக்கு அப்புறம் என் போன் நம்பரை அடைத்து வைத்துவிட்டாய். அதனால்தான் இந்தக் காலத்தில் தாளும் பேனாவும். முகவரியில் 'தபால் ஆபீசுக்கு எதிரே நிற்கும் கும்பினி கேப்டன்' என்று எழுதியிருக்கிறேன். ஜகார்த்தா முழுக்கத் தேடினாலும் அப்படிச் சிலை வேஷம் கட்டி நிற்கிறவன் ஒருவன்தான் இருப்பான்.

விஷயத்துக்கு வருகிறேன். இங்கே மத அலுவலகத்தில் விசாரித்தேன். பெண்ணுக்கு நாற்பது தாண்டியிருந்தாலும், ஒருவரோடு வாழ்ந்து அவரை அடக்கம் செய்தவளாக இருந்தாலும், நிக்காஹில் கைப்பிடித்துக் கொடுக்க வாப்பா வேண்டுமாம். வாப்பா இல்லையென்றால் கூடப் பிறந்தவன். அவன் மாட்டேன் என்றால், மாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அப்புறம்தான் கோர்ட்டில் வேறு ஆளைத் தருவார்கள். உன் மூக்கைச் சிந்திவிட்டு, உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தவள் நான். இப்போது நீ மனது வைக்காமல் எனக்குக் கல்யாணம் இல்லை. இதைச் சொன்னபோது அலுவலகத்தில் இருந்தவரே சிரித்துவிட்டார். ஆகவே, மாட்டேன் என்று எழுதி அனுப்பிவிடு. இனி உன்னைத் தொந்தரவு செய்ய மாட்டேன்.

வாயால் கேட்கத்தான் அன்று வந்தேன். காலை ரயிலில் கிளம்பி வந்து, உங்கள் சதுக்கத்துக் கூட்டத்தில் புகுந்து, பூ வைத்த தொப்பியைப் போட்டுக்கொண்டு வாடகை சைக்கிள் ஓட்டுகிற பெண்கள் இரண்டு பேர் இடிக்க, முட்டை அடை சுடுகிற புகை கண்ணைக் கரிக்க, ஒருவழியாக நீ சிலையாக ஏறி நிற்கும் பெட்டியின் முன்னால் வந்து நின்றேன். முகமெல்லாம் செம்புச் சாயம், ஒட்டுமீசை, புருவம் வரை தொப்பி. ஆனால் கோட்டு நான் தைத்தது. கைமடிப்பில் தங்க நாடா தீர்ந்துபோய்ப் பாதிக்கு மேல் மஞ்சள் நாடா வைத்தேனே, அதை எங்கே பார்த்தாலும் கண்டுபிடிப்பேன்.

போட்டோ எடுக்கிறவர்கள் நகர்ந்ததும் சொல்ல வந்ததையெல்லாம் சொன்னேன். உன் கண்ணைப் பார்த்துச் சொல்லத் தைரியம் இல்லை, பொத்தான்களைப் பார்த்துத்தான் சொன்னேன். முடித்துவிட்டு நிமிர்ந்தால் உன் கன்னத்தில் சாயம் கரைந்து ஒரு கோடு இறங்கிக்கொண்டிருந்தது. அழுகிறாய், ஆனால் வாய் திறக்கவில்லை. சிலை அசையக்கூடாது என்பது எனக்குத் தெரியாதா? பிள்ளைகள் கிச்சுகிச்சு மூட்டினாலும், மழை வந்தாலும் அசையாதவன் என்று உன்னைப் பற்றிப் பெருமையடித்தவளே நான்தான். ஆனாலும் சொந்த அக்கா வந்து நிற்கும்போது ஒரு சுண்டு விரல் அசைந்திருக்கலாம். எனக்கு அது போதும். என் கோசிம் உயிரோடு இருந்திருந்தால், பக்கத்துப் பெட்டியிலிருந்து ஈட்டியால் இரண்டு தட்டு தட்டி உன்னை இறக்கியிருப்பார்.

அப்புறம் போய்ச் சதுக்கத்துப் பழைய பீரங்கிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அதில் ஏறி உட்கார்ந்தால் பிள்ளை பிறக்கும் என்று நானும் கோசிமும் காவல்காரரை ஏமாற்றி எத்தனை தடவை பூ வைத்து ஏறியிருப்போம். தொடை வெந்ததுதான் மிச்சம். அன்றும் ஒரு புதுப்பெண் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கோசிம் நின்ற பெட்டியில் யாரையோ ஏற்றி வைத்திருக்கிறாய். அவருடைய சுதந்திரப் போராளி வேஷம், அவருடைய தலைக்கட்டு, அவருடைய மூங்கில் ஈட்டி, அவருடைய சட்டை. ஓரக்கண்ணில் பட்டது அவ்வளவுதான், அந்தப் பக்கம் என் தலை திரும்பவே மறுத்துவிட்டது. பெருநாளன்று பெரியம்மா வீட்டில் எல்லோருக்கும் முன்னால் என்ன கேட்டாய் என்று நினைவிருக்கிறதா? "முதலை ஒரு தடவதான்க்கா ஜோடி சேரும். உனக்கு எத்தன ரொட்டி வேணும்?" என்றாய். நம் ஜகார்த்தாக்காரர் கல்யாணங்களில் ஜோடி முதலை உருவத்தில் ரொட்டி சுட்டு எதற்கு வைக்கிறோம் என்று எனக்கும் தெரியும், முர்சிதி. நான் துணை தேடினால் துரோகம். நீ அவர் இடத்துக்கு ஆள் பிடித்தால் அது பிழைப்பு. அப்படித்தானே?

கையெழுத்தை அனுப்பிவிடு.

மைசாரோ


ஜகார்த்தா
19 ஏப்ரல் 2018

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. தபால்காரர் முகவரியைப் பார்த்துவிட்டு, கோட்டுப் போட்டவரின் பெல்ட்டில் அதைச் செருகிவிட்டுப் போனார். சாயங்காலம் அவர் என்னிடம் கொடுத்தார்.

எழுதியதிலேயே உனக்கு விளங்கியிருக்கும். கோட்டுக்குள் இப்போது இருப்பது நான் இல்லை, தோஹிர். வெள்ளைத் துணியைச் சுற்றிக்கொண்டு பேயாக நிற்பாரே, உன்னைக்கூட ஒரு தடவை அலற வைத்தாரே, அவரேதான். பேய்க்கு இப்போதெல்லாம் கூட்டமில்லை. பிள்ளைகள் பயப்படாமல் பக்கத்தில் வந்து பேயின் தோளில் கை போடுகிறார்கள், அவருக்கு வெறுத்துப்போய்விட்டது. என் உயரம்தான் அவருக்கும் என்பதால் கோட்டை அவருக்குக் கொடுத்தேன். கொஞ்ச காலம் ஆகிறது. உன்னிடம் சொல்லவில்லை. நாம்தான் பேசிக்கொள்வதில்லையே.

நீ அன்று பேசியது அவரிடம். அழுததும் அவர். ஆள் பார்க்கத்தான் முரடு. நீ என்ன சொன்னாய் என்று அவர் ஒரு வார்த்தை என்னிடம் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டார். சிலையிடம் வந்து ஜனங்கள் என்னென்னவோ சொல்லிவிட்டுப் போகிறார்கள் அக்கா. பரீட்சையில் தோற்றது, கடையை மூடியது, மாமியார் கொடுமை. அதை வெளியே விடுவதில்லை என்பது எங்கள் எல்லோருக்கும் உள்ள கட்டுப்பாடு.

கையெழுத்து விஷயம். நேற்றுக் காப்பிக் கடையில் தாள் வாங்கி உட்கார்ந்தேன். 'மாட்டேன்' என்று எழுத வரவில்லை. 'சரி' என்றும் எழுத வரவில்லை. காப்பி ஆறிப்போனதுதான் கண்ட பலன். கொஞ்சம் பொறுத்துக்கொள்.

நோன்பு நெருங்குகிறது. உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? எந்திரத்தில் குனிந்தே உட்காராதே.

முர்சிதி


சிரெபோன்
26 ஏப்ரல் 2018

முர்சிதிக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு ரயிலில் ஏறி வந்து உன்னை நாலு சாத்து சாத்த வேண்டும் போலிருந்தது. நாலு வருடமாக நெஞ்சில் வைத்திருந்ததை ஊரான் ஒருவரிடம், அதுவும் முன்னாள் பேயிடம், கொட்டிவிட்டு வந்திருக்கிறேன். கடைத்தெருவில் நடக்கும்போது அது நினைவுக்கு வந்தால் முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொள்கிறேன். நான் கட்டிக்கொள்ளப் போகிற ராஸ்தியிடம் சொன்னேன். "பரவால்ல, அழுதாரில்ல? நல்ல மனுசந்தான்" என்கிறார். அவர் அப்படித்தான். எதிலும் நல்லதைத்தான் முதலில் பார்ப்பார்.

அவரைப் பற்றி நீ கேட்கவே இல்லை. நானே சொல்கிறேன். என் தையல் எந்திரத்தைப் பழுது பார்க்க வந்தவர். அது சரியான பிறகும் பழுது பார்க்க வந்துகொண்டே இருந்தார். கடைசியில் நானே ஒரு நாள், "எந்திரத்துக்கு ஒண்ணும் இல்ல, என்ன விஷயம்?" என்று கேட்டேன். மனிதர் எண்ணெய்க் குப்பியைக் கீழே போட்டுவிட்டார். அவரும் மனைவியை இழந்தவர். கோசிமைப் பற்றிப் பேசினால் எழுந்து போகமாட்டார், உட்கார்ந்து கேட்பார். அது ஒன்றுக்காகத்தான் எனக்கு அவரைப் பிடித்தது.

தோஹிருக்கு என் சலாம் சொல். அவர் அழுததற்கு நன்றி என்றும் சொல். நான் அன்று பேசியது உன் காதுக்கு எட்டவில்லை என்பதில் ஒரு நிம்மதியும் இருக்கிறது, ஒரு வருத்தமும் இருக்கிறது. ஆனால் மறுபடி ஒரு முறை சொல்ல என்னால் முடியாது. அது அன்றைக்கு மட்டும்தான் வந்தது.

நீ ஒரு கேள்விக்குப் பதில் எழுதவில்லை. சின்ன வயதிலும் திருடிய பலகாரத்தைப் பற்றி மட்டும் பேசாமல் ஊரிலுள்ள எல்லாவற்றையும் பேசுவாய். கோசிமின் பெட்டியில் நிற்பவன் யார்? நான் பேசியதை அவனும் கேட்டிருப்பானே. இப்போது யோசித்துப் பார்க்கிறேன். நான் அந்தப் பக்கம் திரும்பாவிட்டாலும், அந்த ஈட்டியின் நிழல் என் காலடியில் விழுந்திருந்தது. நான் பேசப் பேச அது நடுங்கியது. காற்று என்று நினைத்தேன். அன்று காற்றே இல்லை, எல்லோரும் விசிறிக்கொண்டிருந்தார்கள்.

யார் அவன்?

மைசாரோ


ஜகார்த்தா
13 மே 2018

அக்காவுக்கு,

நான்தான்.

இதை எழுதிவிட்டு எழுந்து போய் சதுக்கத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்துதான் மற்றதை எழுதுகிறேன்.

கோசிம் அண்ணன் போன பிறகு அந்தப் பெட்டியைக் காலியாகவே வைத்திருந்தேன். ஈட்டியை மட்டும் சாய்த்து வைப்பேன். வருகிறவர்கள் அதன்மேல் பையை வைத்தார்கள், பிள்ளைகள் ஏறிக் குதித்தார்கள், ஒருவர் உட்கார்ந்து சோற்றுப் பொட்டலம் பிரித்தார். அப்புறம் எங்கள் ஆட்களே சொன்னார்கள், "இடத்த சும்மா போட்டு வைக்காத, வேற ஆள நிறுத்து" என்று. ஒருவனைக் கூட்டியும் வந்தார்கள். நல்ல பையன்தான். சட்டையைக் கையில் எடுத்தான். அதற்கு மேல் என்னால் பார்க்க முடியவில்லை. அவன் கையிலிருந்து பிடுங்கி நானே போட்டுக்கொண்டேன். கோட்டைத் தோஹிரிடம் கொடுத்தேன். உன்னைப் பார்த்து முதலை ஒரு தடவைதான் ஜோடி சேரும் என்று சொன்ன வாயால் இதை உன்னிடம் எப்படிச் சொல்வேன்?

அன்று நீ மியூசியம் பக்கமிருந்து வந்தாய். பச்சை முக்காடு. ரயில் பிடித்து வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. என்னைத் தேடித்தான் வருகிறாய் என்று தெரிந்தது. ஆனால் நீ கோட்டைப் பார்த்தாய். நேரே அங்கே போய்விட்டாய். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாய். ஈட்டியை நீட்டினால் உன் தோளைத் தொடலாம், அவ்வளவு பக்கம்.

நீ பேசியது தோஹிரின் காதில் மட்டுமல்ல, என் காதிலும் விழுந்தது. தோஹிர் வெளியே சொல்லமாட்டார். ஆனால் எனக்கு அது அப்படியே இருக்கிறது. "முர்சிதி, நீ கூலிக்கு நிக்கிற. பொழுது சாஞ்சா எறங்கி வூட்டுக்குப் போயிடுவ. நான் நாலு வருஷமா கோசிம் பொண்டாட்டியா நின்னுக்கிட்டே இருக்கேன். அவரு பாக்க இல்ல, நீ பாக்கணும்னு நிக்கிறேன். காலு மரத்துப்போச்சுடா. என்ன எறங்க வுடு." இதைத்தான் சொன்னாய்.

எங்கள் வழக்கம் உனக்குத் தெரியும். ஏறியவன் தானாக இறங்கக்கூடாது. நின்று நின்று நேரம் போவது தெரியாமல் போய்விடும் என்பதால், ஜோடிக்காரன்தான் இறக்கிவிட வேண்டும். கோசிம் அண்ணன் ஈட்டியின் அடியால் என் பெட்டியில் இரண்டு தட்டு தட்டுவார். அதைக் கேட்டதும்தான் எனக்குக் காலே திரும்பி வரும். வீட்டில்கூட, நான் எதையாவது வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் சாப்பாட்டுப் பலகையில் இரண்டு தட்டு தட்டுவார். நீ சிரிப்பாய்.

அன்று அந்த ஈட்டி என் கையில்தான் இருந்தது. இரண்டு தட்டு தட்டியிருந்தால் போதும். நீ திரும்பிப் பார்த்திருப்பாய். இறங்கு அக்கா என்று நான் சொன்னது உனக்குப் புரிந்திருக்கும். தட்ட வேண்டும் என்றுதான் இருந்தது. கைதான் நடுங்கியதே தவிர எழும்பவில்லை.

அவருடைய சட்டைக்குள் நின்றுகொண்டு உனக்கு எப்படி அனுமதி கொடுப்பது என்று தயங்கினேன் என எழுதலாம். முதலில் அப்படித்தான் எழுதி, அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன். உண்மை வேறு. நீயும் இறங்கிவிட்டால் அவருக்காக நிற்க நான் ஒருவன்தான் மிச்சம். எனக்குப் பயமாக இருந்தது, அக்கா.

நீ பீரங்கிப் பக்கம் போய் உட்கார்ந்து அழுததைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். சாயங்காலம் எல்லோரும் இறங்கிப் போய்விட்டார்கள், நான் நின்றுகொண்டே இருந்தேன். தோஹிர் மூக்கைச் சிந்திக்கொண்டே வந்தார். "கோட்டுக்கிட்ட பேசினத கோட்டு சொல்லாது. ஆனா ஈட்டிக்குமா காது கேக்கல?" என்றார். கையைப் பிடித்து இறக்கிவிட்டார்.

இனி நீ என்னைத் திட்டி எழுதலாம். எழுதாமலும் இருக்கலாம்.

முர்சிதி


சிரெபோன்
2 ஜூன் 2018

முர்சிதிக்கு,

பதில் எழுத இவ்வளவு நாள் ஆனதற்குக் காரணம் கோபம்தான், வேறு ஒன்றும் இல்லை. பகலில் உன்னைத் திட்டலாம் என்றால் நோன்பு முறிந்துவிடும் என்று பயம். நோன்பு திறந்த பிறகு திட்டலாம் என்றால் வயிறு நிறைந்து தூக்கம் வந்துவிடுகிறது. இப்படியே உன் அதிர்ஷ்டத்தில் பாதி மாதம் போய்விட்டது.

கேட்டுக்கொண்டே நின்றாய் என்பதுதான் எனக்கு முதலில் சுட்டது. தைத்துக்கொண்டிருந்த பள்ளிக்கூடச் சட்டைக்கு இரண்டு கையையும் ஒரே பக்கம் வைத்துத் தைத்துவிட்டேன். ராஸ்திதான் பிரித்துக் கொடுத்தார். அப்புறம் உன் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். அதில் என் மனது வேறொரு இடத்தில் போய் மாட்டிக்கொண்டது.

அந்தச் சட்டை உனக்கு எப்படிச் சேர்ந்தது? கோசிமுக்கு ஒடுங்கின தோள். உனக்கு வாப்பாவின் தோள், கதவு அகலம். அக்குளில் அறுக்குமே. இத்தனை காலமாகவா அதைப் போட்டுக்கொண்டு கையைத் தூக்கி நிற்கிறாய்? தோளில் தையலுக்குள் நான் துணி விட்டுத்தான் வைத்திருக்கிறேன், அவர் சதை போட்டால் வேண்டியிருக்கும் என்று. அவர் போடவில்லை. அனுப்பு, பிரித்துத் தைத்துத் தருகிறேன்.

அவருக்காக நிற்க நீ ஒருவன்தான் மிச்சம் என்று எழுதியிருக்கிறாய். இறங்குவது என்றால் போய்விடுவது என்று உனக்கு யார் சொன்னது? நீங்கள் இறங்கிய பிறகு எங்கே போகிறீர்கள்? குழாயடியில் முகத்தைக் கழுவிவிட்டு, காப்பிக் கடையில் காலை நீட்டி உட்கார்ந்து, அன்று எந்தப் பிள்ளை எதைச் செய்தது என்று பேசிச் சிரிப்பீர்கள். நானும் அதைத்தான் கேட்டேன். உட்கார்ந்து கோசிமைப் பற்றிப் பேசிச் சிரிக்க வேண்டும். நின்றுகொண்டே இருந்தால் எப்படிப் பேசுவது? நீ பெருநாளன்று சொன்னதற்கு அப்புறம் நம் ஆட்களிடம் அவர் பெயரைச் சொல்லவே எனக்குக் கூச்சமாகிவிட்டது. அதற்காகத்தான் உன்மேல் எனக்குக் கோபம், மற்ற எதற்காகவும் இல்லை.

மாட்டேன் என்ற கையெழுத்து வேண்டாம். உன் இடத்தில் வேறு ஒருவரைப் பேசச் சொல்லி நீ எழுதிக் கொடுக்கலாம் என்றும் அலுவலகத்தில் சொல்கிறார்கள். அதுவும் எனக்கு வேண்டாம். ஜூலை ஒன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை, இங்கே என் வீட்டில். சாயம் பூசாத முகத்தோடு வந்து உன் வாயால் கொடு. இல்லையென்றால் நான் இப்படியே இருந்துகொள்கிறேன். இது மிரட்டல் இல்லை. ராஸ்தியிடமும் சொல்லிவிட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு சரி என்றார். அது எனக்குப் பொறுக்கவில்லை.

மைசாரோ


ஜகார்த்தா
20 ஜூன் 2018

அக்காவுக்கு,

நோன்புப் பெருநாளுக்குத் தெருத்தெருவாகப் போய், தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழையைப் பொறுக்கச் சொல்லி எல்லோர் கையையும் பிடித்துவிட்டு வந்தேன். காப்பிக்கடை அம்மா, தபால்காரர், சைக்கிள் வாடகைக்காரர், ஒருவர் மிச்சமில்லை. வீட்டுக்கு வந்து உட்கார்ந்தபோது கேட்க வேண்டிய ஒரே ஆளிடம் கேட்கவில்லை என்று உறைத்தது. முதலை பற்றி நான் சொன்னதைப் பொறுத்துக்கொள். ஈட்டியை எடுத்துத் தட்டாததையும்.

வருகிறேன். டிக்கெட் எடுத்துவிட்டேன். தோஹிரும் வருகிறாராம். தன்னிடம்தான் முதலில் சொன்னாய் என்பதால் அவருக்கு உரிமை இருக்கிறதாம்.

ஆனால் ஒன்று. வருவேன் என்றுதான் சொல்ல முடியும். அங்கே உட்கார்ந்து ராஸ்தியின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த வார்த்தைகளைச் சொல்ல எனக்கு வாய் வருமா என்று தெரியவில்லை. வேலை முழுக்க வாயைத் திறக்காமல் இருப்பதுதான். பழகிப்போய்விட்டது. நடுவில் நின்றுவிட்டால் உனக்குத்தானே அவமானம்.

சட்டையை அனுப்பவில்லை. இறுக்கமாகவே இருக்கட்டும். கோசிம் அண்ணன் என் தோளைப் பிடித்துக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கிறது.

முர்சிதி


சிரெபோன்
24 ஜூன் 2018

முர்சிதிக்கு,

பொறுத்தாகிவிட்டது. அதற்கு மேல் அதைப் பேச வேண்டாம்.

வாய் வராவிட்டால் வந்து சும்மா உட்கார். மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்வோம். தோஹிருக்கு ஜெங்கோல் கொட்டைக் குழம்பு பிடிக்குமா என்று கேட்டு வா. வெள்ளைத் துணி மட்டும் எடுத்து வர வேண்டாம் என்று சொல்.

மைசாரோ


ஜகார்த்தா
6 ஜூலை 2018

அக்காவுக்கு,

வீடு வந்து சேர்ந்தோம். உன் நம்பரைத் திறந்துவிட்டேன், போனிலேயே பேசலாம். ஆனாலும் இதை எழுதத்தான் முடியும் போலிருக்கிறது.

முதலில் ரொட்டி விஷயம். ராஸ்தி மச்சான் வீட்டார் சிரெபோன் ஆட்கள், நம் வழக்கம் அவர்களுக்குத் தெரியாது, முதலை ரொட்டி இல்லாமல் உன் கல்யாணம் நடந்துவிடுமோ என்று எனக்கு ஒரே கவலை. அதைச் சொல்லி உன்னைக் குத்தியவன் நான்தானே. அதனால் இங்கேயே ஒரு ஜோடி செய்யச் சொல்லி, ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தோம். எனக்கு ஒரு முதலை, தோஹிருக்கு ஒரு முதலை. டிக்கெட் பார்க்க வந்தவர், "இவங்களுக்கு டிக்கெட் எங்க?" என்று கேட்டார். தோஹிர், "மடியில வச்சிருக்கற குழந்தைக்கு எதுக்குங்க டிக்கெட்?" என்றார். ஸ்டேஷன் நெரிசலில் அவர் முதலைக்கு வால் போய்விட்டது. ஸ்டேஷனுக்கு வந்த மச்சான் கையில் ரொட்டியைக் கொடுத்து, இதை நீங்கள்தான் சுமந்து வந்து வைக்க வேண்டும், வழக்கம் அப்படி என்றேன். மச்சானுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் வாலைத் தேடிக் குனிந்து குனிந்து நடைமேடை முழுக்கப் பார்த்தார். எனக்கு அங்கேயே அவரைப் பிடித்துவிட்டது.

அப்புறம் அந்த நேரம். நீ பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் பெண்களோடு இருந்தாய். இந்தப் பக்கம் நான் மச்சான் கையைப் பிடித்தேன். நகத்தில் எந்திர எண்ணெய், கை முழுக்க வேர்வை. காஜியார் ஒலிபெருக்கியை என் பக்கம் தள்ளி, "சொல்லுங்க தம்பி" என்றார். நான் எதற்குப் பயந்தேனோ அதுதான் நடந்தது. நின்றுவிட்டேன். சதுக்கத்தில் நிற்கும்போது எல்லாச் சத்தமும் தூரமாகப் போய்விடும், அப்படிப் போய்விட்டது. காஜியார் இன்னொரு தடவை சொன்னார். யாரோ இருமினார்கள். மச்சான் கையை விடவும் இல்லை, இறுக்கவும் இல்லை. என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். எனக்கு உடம்பில் எதுவும் அசையவில்லை. வேண்டுமென்று செய்யவில்லை அக்கா, நான் உண்மையாகவே எங்கேயோ மேலே நின்றுகொண்டிருந்தேன்.

அப்போது தடுப்புப் பலகையில் அந்தப் பக்கத்திலிருந்து யாரோ தட்டினார்கள். இரண்டு தட்டு.

எனக்குக் கால் திரும்பி வந்தது. வாயும் வந்தது. என் கூடப் பிறந்த அக்கா மைசாரோவை உங்களுக்கு நிக்காஹ் செய்து தருகிறேன் என்று நான் சொன்னது எனக்கே பெரிய சத்தமாகக் கேட்டது. மச்சான் ஒரே மூச்சில் ஏற்றுக்கொண்டேன் என்றார். சாட்சிகள் செல்லும் என்றார்கள். தோஹிர் அழுதார், இந்தத் தடவை கரைவதற்குச் சாயம் இல்லை.

தட்டியது யார் என்று நான் கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை. மத்தியானம் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டபோது, கோசிம் அண்ணன் பீரங்கியில் பூ வைக்கப் போய்க் காவல்காரரிடம் மாட்டிக்கொண்ட கதையை நீ சொன்னாய். மச்சான் சோறு புரையேறச் சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் பெயரை வைத்து நான் சிரித்து எவ்வளவு காலமாயிற்று என்று ரயிலில் வரும்போதுதான் தெரிந்தது.

நேற்றிலிருந்து வேலைக்குப் போகிறேன். ஈட்டி இப்போது தோஹிரின் பெட்டிக்கும் என் பெட்டிக்கும் நடுவில் இருக்கிறது. கும்பினிக்காரன் சுதந்திரப் போராளியின் ஈட்டியை எடுத்துத் தட்டுவதைப் பார்த்து ஜனங்கள் சிரிக்கிறார்கள். ஆனால் சாயங்காலம் இரண்டு பேரும் நேரத்துக்கு இறங்கிவிடுகிறோம்.

இத்துடன் ஒரு பொட்டலம் அனுப்புகிறேன். கோசிம் அண்ணன் சட்டைதான். உள்ளே விட்டு வைத்த துணியை எடுத்து, தோளில் இரண்டு விரல் அகலம் விட்டுத் தை. அக்குளில் அறுக்கிறது.

உன் தம்பி
முர்சிதி